1970 ஷெவெல் எஸ்எஸ் 396: பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றுவதா, சீர்செய்து வைத்துக்கொள்வதா?

#1 | வுட்வர்ட் (மிச்சிகன்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1970ஆம் ஆண்டு ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396. எல்34 எஞ்சின், 350 குதிரைத்திறன், நான்கு கியர் மேனுவல். பெயர் 396 என்றாலும் அந்த ஆண்டு எஞ்சின் உண்மையில் 402 கன அங்குலம் என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டர், தொழிற்சாலையில் பொருத்திய அதே டெல்கோ ரெமி. அதனுள் மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட், கூடவே இருக்கும் கண்டென்சர் இரண்டும் புதிது. கார்புரேட்டர் அண்மையில் முழுமையாகச் சுத்தம் செய்யப்பட்டது. எரிபொருள் பக்கம் குறை இல்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

குறைகள் இவை. நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் போனால் எஞ்சின் விட்டுவிட்டு எரிகிறது. தீப்பொறி வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தால் குறி ஓரிடத்தில் நிற்பதில்லை, முன்னும் பின்னும் ஆடுகிறது. நெரிசலில் நின்றால் வெப்பமானி ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் நெடுஞ்சாலையில் இறங்கிவிடுகிறது.

ஆகஸ்டில் வுட்வர்ட் சாலையில் பழைய கார்களின் அணிவகுப்பான வுட்வர்ட் டிரீம் குரூஸ் வருகிறது. அந்தச் சாலையில் அன்றைக்கு நடந்து போகிறவர்கள் வண்டியை முந்திவிடுவார்கள். அதற்குள் இதை முடிக்க வேண்டும். பெரிய மூடி கொண்ட எச்இஐ (ஜெனரல் மோட்டார்ஸின் மின்னணுப் பற்றவைப்பு), பாயிண்ட்டுக்குப் பதிலாகப் பழைய உடலுக்குள் பொருத்தும் மின்னணு டிரிகர், தனிப்பெட்டியுடன் வரும் பந்தய வகை என மூன்று வழிகளை யோசித்திருக்கிறேன். மனம் எச்இஐ பக்கம் சாய்கிறது. உங்கள் கருத்து என்ன?

#2 | 440மேக்னம் (டெக்சஸ்)

பாயிண்ட்டைக் கழற்றிவிடுங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கிரைஸ்லர் 1973ஆம் ஆண்டு மாடல்களில் எல்லாக் கார்களுக்கும் மின்னணுப் பற்றவைப்பைக் கொடுத்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975இல் எச்இஐக்கு முழுமையாக மாறியது. தேய்கிற, கருகுகிற, அடிக்கடி இடைவெளி சரிபார்க்க வேண்டிய ஓர் உறுப்பை அந்த நிறுவனங்களே கைவிட்ட பிறகு நாம் ஏன் சுமக்க வேண்டும்?

என் 1969 சார்ஜரில் 440 எஞ்சின். கிரைஸ்லரின் பிற்கால மின்னணு டிஸ்ட்ரிபியூட்டரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் பொருத்தினேன். அதில் சுழலும் ரிலக்டருக்கும் அதை உணரும் பிக்கப்புக்கும் நடுவே 0.008 அங்குல இடைவெளி. காந்தம் ஒட்டாத பித்தளை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து ஒருமுறை திருகினால் போதும். அதன் பிறகு நான் மூடியைத் திறந்ததே மூடியை மாற்றுவதற்காகத்தான்.

#3 | அச்சுஅசல்

வுட்வர்ட், எதையும் கழற்றும் முன் ஒன்று செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைச் சுற்றியுள்ள பட்டையில் பாக எண்ணும் தேதிக் குறியீடும் அச்சிடப்பட்டிருக்கும். அவை உங்கள் வண்டியின் தயாரிப்புத் தேதிக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தினால் நீங்கள் வைத்திருப்பது சாதாரணப் பொருள் அல்ல. எல்34 எஞ்சினுடன் பிறந்த டிஸ்ட்ரிபியூட்டர் இன்னும் அதே எஞ்சினில் உட்கார்ந்திருக்கும் ஷெவெல்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றன.

இப்படிக் கழற்றிய பாகங்கள் அட்டைப்பெட்டியில் கிடந்து, வண்டி கைமாறும்போது தொலைந்துபோவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எனக்கு அது மனம் பொறுக்காத விஷயம்.

#4 | மின்பொறி

இரு தரப்பும் பேசுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

நான்கு ஸ்ட்ரோக் வி8 எஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை தீப்பொறி கேட்கிறது. 6,000 சுற்றில் அது நொடிக்கு 400 முறை. அதாவது ஒரு தீப்பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே 2.5 மில்லி நொடி. டிஸ்ட்ரிபியூட்டர் அச்சில் ஒரு சிலிண்டருக்குக் கிடைப்பது 45 டிகிரி. அதில் பாயிண்ட் மூடியிருக்கும் டுவெல் 30 டிகிரி. எனவே தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலில் மின்னோட்டம் ஏறுவதற்குக் கிடைக்கும் நேரம் சுமார் 1.7 மில்லி நொடிதான். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் 700 சுற்று ஐடிலில் இதே நேரம் 14 மில்லி நொடி. வேகம் கூடக் கூடக் காயில் அரைவயிற்றோடு வேலை செய்கிறது என்பது இதனால்தான். எச்இஐ போன்ற மின்னணு முறைகள் வேகத்துக்கு ஏற்ப இந்த மூடிய நேரத்தை நீட்டித்துக்கொள்கின்றன. அவற்றின் பெரிய வலிமை அது.

ஆனால் உங்கள் எஞ்சின் 4,000இலேயே தடுமாறுகிறது. நல்ல நிலையில் உள்ள ஒற்றைப் பாயிண்ட் அமைப்பு இந்த எஞ்சினை 5,000க்கு மேலும் சுத்தமாக இழுக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இழுத்தது. ஆகவே "பாயிண்ட் என்பதால் கோளாறு" என்று முடிவுகட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது.

#5 | கோவைப்பட்டறை (கோயம்புத்தூர்)

வணக்கம் தம்பி. நான் ஷெவெல் எஞ்சினில் கை வைத்தவன் அல்ல. அம்பாசடர், பத்மினி வண்டிகளின் டிஸ்ட்ரிபியூட்டர்களைப் பிரித்துச் சேர்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. டைமிங் குறி ஆடுகிறது என்றால் முதலில் அச்சைத் தாங்கும் உலோக வளையமான புஷ்ஷைப் பார்க்க வேண்டும்.

மூடியைக் கழற்றுங்கள். அச்சின் மேல் சுழலும் ரோட்டாரை விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். மேலும் கீழும் சிறிது அசைவு இருப்பது இயல்பு. பக்கவாட்டில் அசைந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. அச்சு ஆடும்போது ஒரு கேம் முகம் பாயிண்ட்டை அதிகமாகத் திறக்கும், இன்னொன்று குறைவாகத் திறக்கும். எட்டு சிலிண்டருக்கும் எட்டு விதமான நேரம் கிடைக்கும்.

அடுத்து டுவெல் மீட்டரை மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் (உறிஞ்சுவிசை) குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் ஒரு அளவு, 2,500 சுற்றில் ஒரு அளவு எடுங்கள். வித்தியாசம் 2 டிகிரிக்குள் இருந்தால் அச்சு நன்றாக இருக்கிறது. 3க்கு மேல் போனால் அந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எந்த விலையுயர்ந்த மின்னணுச் சாமானை வைத்தாலும் குறி ஆடத்தான் செய்யும்.

அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

#6 | வுட்வர்ட்

கோவை ஐயா சொன்னபடி அளந்தேன். ஐடிலில் டுவெல் 30. 2,500 சுற்றில் 25. ரோட்டாரைப் பக்கவாட்டில் அசைத்தால் கையில் தெளிவாக ஆட்டம் தெரிகிறது. பட்டையில் உள்ள தேதிக் குறியீடு வண்டியின் தயாரிப்புக்குச் சில வாரங்கள் முந்தையது, ஆகவே அது அசல்தான்.

#7 | மின்பொறி

5 டிகிரி நகர்வு. காரணம் கிடைத்துவிட்டது. டுவெல்லில் 1 டிகிரி மாற்றம் கிராங்க் அளவில் டைமிங்கை ஏறக்குறைய 1 டிகிரி நகர்த்தும். ஆக வேகம் ஏறும்போது உங்கள் டைமிங், அதை முன்னே தள்ளும் டிஸ்ட்ரிபியூட்டர் எடைகளின் விருப்பத்துக்கு மட்டும் நகரவில்லை, தேய்ந்த புஷ்ஷின் விருப்பத்துக்கும் நகர்கிறது.

பாயிண்ட்டின் சுருள்தகடு தளர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதன் அழுத்தம் குறைவாக இருந்தால் அதிக வேகத்தில் பாயிண்ட் கேமை விட்டு எழும்பிவிடும். 4,000இல் விட்டுவிட்டு எரிவதற்கு அதுவும் சேர்ந்திருக்கலாம். புதிது என்பதாலேயே அதை நம்பிவிட வேண்டாம்.

#8 | ஸ்கார்பரோ (கனடா)

வணக்கம். 1969 கமாரோவில் 350 எஞ்சினுக்கு எச்இஐ போட்டு ஓட்டுகிறேன். எனக்கு முழுத் திருப்தி. குளிர் உறையும் காலையிலும் முதல் சுற்றிலேயே எஞ்சின் எழும்புகிறது. எச்இஐ வேண்டும் என்றே முடிவெடுத்தால் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

பழைய இரும்புக் கடையில் எச்இஐ எடுத்தால் உள்ளே இருக்கும் மாட்யூலைப் பாருங்கள். நான்கு முனை கொண்டது வேண்டும். ஏழு முனை கொண்டது 1981க்குப் பிறகு கணினியோடு வந்த வகை. அதில் எடைகளும் இல்லை, உறிஞ்சுவிசையால் டைமிங்கை நகர்த்தும் வேக்குவம் கலனும் இல்லை. கணினி இல்லாத எஞ்சினில் அது டைமிங்கை முன்னே தள்ளவே தள்ளாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சாயல்தான், அதனால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள்.

மின்சாரம் இன்னொரு பெரிய விஷயம். உங்கள் வண்டியில் எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே உள்ள தீச்சுவரின் இணைப்பியிலிருந்து காயிலுக்கு வரும் கம்பி சாதாரணச் செம்பு அல்ல. துணிப் பின்னல் சுற்றிய மின்தடைக் கம்பி அது. பாயிண்ட் கருகாமல் இருக்க எஞ்சின் ஓடும்போது காயிலுக்கு 9, 10 வோல்ட் மட்டும் போகும்படி வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஸ்டார்ட்டர் சாலினாய்டின் ஆர் முனையிலிருந்து வரும் மஞ்சள் கம்பி முழு 12 வோல்ட்டைக் கொடுக்கிறது. எச்இஐக்கு எப்போதும் முழு 12 வோல்ட் வேண்டும். அந்தத் தடைக் கம்பியிலேயே எச்இஐயை மாட்டிவிட்டு "சக்தி இல்லை, மாட்யூல் செத்துவிட்டது" என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தடித்த செம்புக் கம்பி புதிதாக இழுக்க வேண்டும்.

மாட்யூலின் அடியில் வெப்பம் கடத்தும் பசை கட்டாயம். பிளக் ஒயர்களையும் மாற்ற வேண்டியிருக்கும், ஏனெனில் எச்இஐ மூடியின் முனைகள் வேறு வடிவம். மூடி பெரிது, தீச்சுவருக்கும் காற்று வடிகட்டிக்கும் உள்ள இடைவெளியை முன்பே அளந்துகொள்ளுங்கள். வேக்குவம் கலன் எதிலும் இடிக்காமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப இடம் வேண்டும்.

#9 | 440மேக்னம்

தனிப்பெட்டி வழியை யாரும் தொடவில்லையே. எம்எஸ்டி 6ஏ போன்ற மின்தேக்கி வகைப் பெட்டி, குறைந்த வேகத்தில் ஒரே எரிப்புக்குப் பல தீப்பொறி தருகிறது. 3,000 சுற்றுக்குக் கீழே அதன் பலன் ஐடிலில் நன்றாகத் தெரியும். பாயிண்ட்டை வெறும் டிரிகராக வைத்துக்கொண்டும் அதை ஓட்டலாம். அப்போது பாயிண்ட் வழியாகச் செல்லும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கருகுவதே இல்லை.

ஓர் எச்சரிக்கை. அந்தப் பெட்டியிலிருந்து காயிலுக்குச் செல்லும் இரண்டு ஒயர்களைத் தவிர வேறு எதையும் காயிலில் இணைக்காதீர்கள். அங்கே சில நூறு வோல்ட் இருக்கும். தொழிற்சாலை டாக்கோமீட்டரின் (சுற்றுமானியின்) ஒயரைப் பழக்க தோஷத்தில் காயிலின் எதிர்முனையில் மாட்டினால் டாக்கோமீட்டர் போய்விடும். பெட்டியில் அதற்கென்று தனி முனை இருக்கிறது. பழைய டாக்கோமீட்டர்கள் சிலவற்றுக்கு இடையில் ஒரு அடாப்டரும் தேவைப்படும்.

#10 | மின்பொறி

இதுவரை எல்லோரும் தீப்பொறியின் வலிமையைப் பற்றியே பேசுகிறோம். இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. சாலையில் ஓடும் ஒரு மசில் காருக்குத் தீப்பொறி எவ்வளவு பெரிது என்பதைவிட எப்போது வருகிறது என்பதே முக்கியம். பிளக் இடைவெளியைத் தாண்டி கலவையைப் பற்றவைக்கப் போதுமான வலிமை கிடைத்துவிட்டால் அதற்கு மேல் கொடுப்பதால் குதிரைத்திறன் கூடிவிடாது. தவறான நேரத்தில் வரும் தீப்பொறியோ உறுதியாகக் குறைத்துவிடும்.

மூன்று அடுக்குகளாகப் பாருங்கள்.

முதலாவது அடிப்படை டைமிங். ஐடிலில், வேக்குவம் குழாயை அடைத்துவிட்டுப் பார்க்கும் அளவு.

இரண்டாவது எடைகள். வேகம் ஏற ஏற மையவிலக்கு விசையால் அவை வெளியே விரிந்து ரோட்டார் அச்சை முன்னே தள்ளுகின்றன. எவ்வளவு சீக்கிரம் விரிகின்றன என்பதை ஸ்பிரிங்கும், எவ்வளவு தூரம் விரிகின்றன என்பதை முளையும் பள்ளமும் தீர்மானிக்கின்றன. டெல்கோவில் இவை ரோட்டாருக்கு நேர் அடியிலேயே இருப்பதை ஒரு வரம் என்றே சொல்வேன். இரண்டு திருகுகளைக் கழற்றினால் ஸ்பிரிங் கைக்கு வந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரை எஞ்சினிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

மூன்றாவது வேக்குவம். இதைப் பலர் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனம் என்று நினைத்து அடைத்துவிடுகிறார்கள். இது மெலிந்த கலவைக்கான சாதனம். சுமையில்லாமல் ஓடும்போது சிலிண்டருக்குள் கலவை மெலிந்தும் அடர்த்தி குறைந்தும் இருக்கும், மெதுவாக எரியும், முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும். காலை அழுத்தியதும் வேக்குவம் வீழ்ந்து அந்தக் கூடுதல் உடனே விலகிக்கொள்கிறது.

உங்கள் எஞ்சினுக்கு நான் வைக்கும் தொடக்க அளவுகள்: அடிப்படை 12, எடைகளால் 24, இரண்டும் சேர்ந்து 36 டிகிரி. அது 2,800 சுற்றுவாக்கில் முழுமையாக வந்துவிட வேண்டும். இன்னும் சீக்கிரம் கொண்டுவர ஆசைப்பட வேண்டாம். எல்34இன் அமுக்க விகிதம் 10.25:1. இன்றைய 93 ஆக்டேன் பெட்ரோலில் நான்காம் கியரில் மேடேறும்போது தட்டும் ஓசை கேட்டால் சற்றுக் கனமான ஸ்பிரிங்குக்குத் திரும்புங்கள். வேக்குவம் இன்னும் ஒரு 14 டிகிரி சேர்க்கட்டும். நெடுஞ்சாலையில் மொத்தம் 50ஐ ஒட்டி வரும். அந்த எண்ணைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, அது சுமையற்ற ஓட்டத்துக்கு மட்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது என்பதை மறக்க வேண்டாம். பாகத்தில் அச்சிட்ட எண் டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரியாக இருந்தால் கிராங்கில் அது இரட்டிப்பு.

இவ்வளவையும் எந்த டிஸ்ட்ரிபியூட்டரிலும் செய்யலாம், பாயிண்ட்டிலும் செய்யலாம். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பொருத்தினால் எவ்வளவு விலையுயர்ந்ததிலும் இது அமையாது. யாரோ ஒரு பொதுவான எஞ்சினுக்கு வைத்த ஸ்பிரிங்தான் அதில் இருக்கும்.

#11 | அச்சுஅசல்

மேலே உள்ளதை முழுக்க ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. வேக்குவத்தைக் கார்புரேட்டரின் திராட்டில் தகட்டுக்கு மேலுள்ள முனையிலிருந்து எடுப்பதே முறை. ஐடிலில் அங்கே வேக்குவம் இருக்காது, எஞ்சின் சீராக ஓடும். எஞ்சினுக்குக் கலவையைக் கொண்டுசெல்லும் மானிஃபோல்டிலிருந்து எடுத்தால் கியர் போடும்போது ஐடில் ஏறி இறங்கும்.

#12 | மின்பொறி

இதில் நாம் உடன்பட மாட்டோம் போலிருக்கிறது. மரியாதையோடு காரணத்தைச் சொல்கிறேன்.

1970இல் ஜெனரல் மோட்டார்ஸ் கியரோடு இணைந்த வேக்குவத் தடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. டிசிஎஸ் என்பார்கள். கீழ் கியர்களில் ஒரு சாலினாய்டு (மின்காந்த வால்வு) வேக்குவத்தை அடைத்துவிடும். உயர் கியர்களில் மட்டும் திறக்கும். புகையைக் குறைப்பதற்காகச் செய்தது அது. ஐடிலில் டைமிங் பின்தங்கினால் கலவை தாமதமாக எரிந்து வெப்பம் வெளியேற்றக் குழாய்களுக்கும் அவற்றைச் சுற்றிய நீர்ப்பாதைக்கும் போகிறது. வுட்வர்ட் நெரிசலில் வெப்பமானி ஏறுகிறது என்கிறாரே, நெடுஞ்சாலையில் இறங்கிவிடுகிறது என்கிறாரே! ரேடியேட்டரைச் சந்தேகிக்கும் முன் அந்த வேக்குவக் குழாய் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்வேன்.

ஐடில் ஏறி இறங்குவது கலன் பொருந்தாததால் வருவது. ஐடிலில் உங்கள் எஞ்சினின் வேக்குவம் எவ்வளவோ, அதைவிடப் பாதரச அளவில் 2 அங்குலம் குறைவான இடத்திலேயே கலன் முழுதாக இழுத்துவிட வேண்டும். அப்படிப்பட்ட கலனைத் தேர்ந்தால் அது ஐடிலில் ஊசலாடாது.

#13 | அச்சுஅசல்

அசல் கேம், மேனுவல் கியர் என்பதால் மானிஃபோல்டு வேக்குவம் இவருக்குப் பிரச்சினை தராமல் போகலாம். ஆனால் டிசிஎஸ் சாலினாய்டையும் அதன் தாங்கியையும் அப்படியே விட்டுவைக்கச் சொல்லுங்கள். குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பாகம் இப்போது எளிதில் கிடைப்பதில்லை.

#14 | வுட்வர்ட்

எல்லோருக்கும் நன்றி. குழாயைத் தேடிப் பார்த்தேன். அது இன்னமும் சாலினாய்டு வழியாகத்தான் போகிறது. ஐடிலில் கலனுக்கு வேக்குவமே வரவில்லை.

என் முடிவு: அசல் டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துக்கொள்கிறேன். புதிய புஷ் போட்டு, அச்சின் ஆட்டத்தை ஷிம் வைத்துச் சரிசெய்து, ஸ்பிரிங்கை மாற்றப் போகிறேன். பாயிண்ட்டுக்குப் பதிலாக மூடிக்குள் மறையும் மின்னணு டிரிகர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. ஐயா, புஷ் போடுவதில் கவனிக்க வேண்டியது என்ன?

#15 | கோவைப்பட்டறை

நல்ல முடிவு தம்பி. வெண்கல புஷ்ஷைப் போடும் முன் எண்ணெயில் ஊறவிடுங்கள். அழுத்தி ஏற்றிய பிறகு உள்விட்டம் சற்றுச் சுருங்கும், அதனால் ரீமர் போட்டே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உப்புத்தாள் சுற்றித் தேய்ப்பது கூடாது, துளை நேராக வராது. அச்சிலும் தேய்மானம் இருக்கிறதா என்று மைக்ரோமீட்டரில் பாருங்கள். தேய்ந்த அச்சுக்குப் புது புஷ் போட்டால் பாதி வேலைதான் முடிந்ததாகும்.

எடைகள் சுழலும் முளைகளையும் பாருங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் எடை சிக்கிக்கொண்டு முன்னே போன டைமிங் திரும்பி வராது. ரோட்டாரைக் கையால் திருப்பி விடுங்கள். தடையில்லாமல் தானே திரும்பி வர வேண்டும்.

கியரைப் பிணைக்கும் ஊசியைத் தட்டி எடுக்கும் முன் கியரில் உள்ள குறி ரோட்டாரின் எந்தப் பக்கம் நோக்குகிறது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

#16 | ஸ்கார்பரோ

டிரிகருக்கு மின்சாரம் எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள்? பெர்ட்ரானிக்ஸ் இக்னிட்டர் போன்றவற்றின் சிவப்பு ஒயருக்கு முழு 12 வோல்ட் வேண்டும். அதைத் தடைக் கம்பிக்குப் பிறகு இணைக்காதீர்கள். சாவி திறந்தால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து அதற்குத் தனி ஒயர் கொடுத்துவிட்டால், காயிலுக்குச் செல்லும் அசல் தடைக் கம்பி அப்படியே இருக்கலாம். அச்சுஅசல் நண்பருக்கும் மனம் நிறையும். எஞ்சின் ஓடாமல் சாவியைத் திறந்தே வைத்திருப்பது இவற்றில் பழைய வகைகளைக் கெடுத்துவிடும். வானொலி கேட்க வேண்டுமென்றால் சாவியைப் பின்பக்கம் திருப்பித் துணைக்கருவி நிலையில் வையுங்கள்.

திரும்பப் பொருத்தும்போது ஒன்று. ஷெவர்லே வி8இல் எண்ணெய் பம்பை ஓட்டுவதே டிஸ்ட்ரிபியூட்டரின் அடிமுனைதான். உடல் மானிஃபோல்டில் படியாமல் கால் அங்குலம் போல எழும்பி நின்றால் அந்தப் பம்பு அச்சின் பள்ளம் பொருந்தவில்லை என்று பொருள். கிளாம்ப்பை இறுக்கி உள்ளே தள்ளிவிடலாம் என்று நினைக்கவே கூடாது, ஏதாவது உடையும். நீண்ட ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டுப் பம்பு அச்சைச் சிறிது திருப்புங்கள், பிறகு தானே இறங்கும். கியரின் பற்கள் சாய்வானவை என்பதால் இறங்கும்போது ரோட்டார் சுற்றிக்கொள்ளும். அதற்கு ஏற்பச் சற்று முன்பே வைத்து இறக்க வேண்டும். 13 பல் கியர் அது. ஒரு பல் தவறினால் கிராங்கில் 55 டிகிரிக்கு மேல் தவறும்.

#17 | மின்பொறி

டைமிங் வைக்கும் முன், டைமிங் குறி பதிந்த பேலன்சர் சக்கரத்தையும் சரிபாருங்கள். அதன் வெளிவளையம் ரப்பரில்தான் ஒட்டியிருக்கிறது. அரை நூற்றாண்டு ஆன ரப்பர் வழுக்கிவிட்டால் குறி பொய் சொல்லும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் தடுப்பானைப் போட்டு எஞ்சினைக் கையால் இரு பக்கமும் திருப்பி, இரண்டு நிறுத்தக் குறிகளுக்கும் சரிபாதியை எடுங்கள். அதுதான் பிஸ்டனின் உண்மையான மேல்நிலை. பேட்டரி ஒயரையும் எல்லா பிளக்குகளையும் முன்பே கழற்றிவிடுங்கள்.

பிளக் ஒயர்களில் 5ஐயும் 7ஐயும் ஒட்டி ஓடவிடாதீர்கள். பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2. அடுத்தடுத்துப் பற்றுகிற அந்த இரண்டு சிலிண்டர்களும் அருகருகே இருக்கின்றன. ஒன்றின் மின்புலம் மற்றதில் மின்னழுத்தத்தைத் தூண்டினால் 7ஆம் சிலிண்டர் உரிய நேரத்துக்கு முன்பே பற்றும். நடுவில் ஒரு பிரிப்பானைப் போட்டு விலக்கி வையுங்கள்.

#18 | வுட்வர்ட்

வேலை முடிந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் அச்சு நன்றாக இருந்தது, புஷ் இரண்டும் தேய்ந்திருந்தன. எடைகளின் முளையில் பித்தளை உறை போட்டு 24 டிகிரிக்குக் கட்டுப்படுத்தினேன். பேலன்சர் வழுக்கவில்லை. அடிப்படை 12, மொத்தம் 36. லைட்டைப் பிடித்தால் குறி ஆணி அடித்தாற்போல் நிற்கிறது.

வேக்குவத்தை மானிஃபோல்டுக்கு மாற்றினேன். சாலினாய்டு அதன் இடத்திலேயே இருக்கிறது. ஐடில் ஏறியதால் கார்புரேட்டரின் ஐடில் திருகைக் குறைக்க வேண்டியிருந்தது. ராயல் ஓக்கில் மாலை நெரிசலில் ஓட்டிப் பார்த்தேன். முன்பு ஏறிய இடம்வரை வெப்பமானி ஏறவில்லை. 5,000 வரை தயக்கமே இல்லாமல் இழுக்கிறது. நான்காம் கியரில் மேடேறினாலும் தட்டும் ஓசை இல்லை.

கழற்றிய பாயிண்ட், கண்டென்சர், அவற்றைப் பொருத்தும் திருகு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வண்டியின் முன்பெட்டியில் வைத்திருக்கிறேன். வழியில் டிரிகர் நின்றால் சாலையோரத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் உள்ள சிறு சாளரத்தின் வழியே அறுகோணச் சாவியைத் திருப்பி, எஞ்சின் தடுமாறும் இடத்திலிருந்து அரைச் சுற்றுப் பின்வாங்கினால் டுவெல் வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் பாயிண்ட் இடைவெளியைத் திருத்த முடிகிறதே, அதை வடிவமைத்தவர்களுக்கு என் வணக்கம்.

#19 | 440மேக்னம்

மகிழ்ச்சி. நான் இன்னமும் முழு மின்னணுவின் பக்கம்தான், ஆனால் குறி ஆடாமல் நிற்கிறது என்பதைப் படித்ததும் மனம் நிறைந்தது. ஒன்று கேட்கிறேன்: மின்னணு ஆகிவிட்டதே, பிளக் இடைவெளியை 0.060 அங்குலத்துக்குத் திறக்கலாமே? எச்இஐ வந்தபோது ஜெனரல் மோட்டார்ஸ் அப்படித்தானே கொடுத்தது?

#20 | மின்பொறி

வேண்டாம். கொடுத்தது உண்மை, ஆனால் அந்த நிறுவனமே பிறகு 0.045க்கு இறங்கிவந்தது. இடைவெளி பெரிதானால் அதைத் தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். அது ரோட்டாரையும் மூடியையும் ஒயரையும் வருத்தும். எங்கே காப்பு பலவீனமோ அங்கே பாய்ந்துவிடும். அதோடு வுட்வர்டின் காயில் பாயிண்ட் காலத்துக் காயில், தடைக் கம்பி வழியாகவே மின்சாரம் வாங்குகிறது. டிரிகர் மாறியிருக்கிறதே தவிர, காயிலின் பலம் மாறவில்லை. 0.035இல் வைத்து ஓட்டுங்கள். அதிகம் போனால் 0.040. சில நூறு மைல் ஓடிய பிறகு எட்டு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் படம் போடுங்கள். குறிப்பாக 5, 7 இரண்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும்.